கட்டப்பா சொல்லாத கதை

2015 ஜூலையில் முதல் படம் வந்தது. 2017 ஏப்ரல் 28-இல் இரண்டாவது படம். இடையில் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் இந்த நாடு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான்? டீக்கடையில் கேட்டார்கள். பஸ்ஸில் கேட்டார்கள். பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். கட்டப்பா ஏன் அடிமையாக இருக்கிறான் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. தமிழில் எம்.ஏ. படித்தவன், கூட்டங்களில் மைக் பிடிக்கிறவன், எனக்கே அந்தக் கேள்வி வரவில்லை. அதைக் கேட்டது எண்பத்தைந்து வயசு எங்க அப்பாயி.

"பாகுபலி 2" வந்த வாரம் சித்தப்பா மகன் குடும்பத்துக்கே டிக்கெட் எடுத்துவிட்டான். அப்பாயியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். தன்னைக் காப்பாற்ற வந்தவனின் முதுகில் கட்டப்பா வாளை இறக்குகிற இடம். தியேட்டரே மூச்சுவிடாமல் கிடந்தது. அப்பாயி மட்டும் சத்தமாகக் கேட்டது: "ஏன்டா தம்பி, அந்தக் கெழவனுக்குப் பொண்டாட்டி புள்ள ஒண்ணுமில்லியா? அவன் யாரு ஊட்டுப் புள்ள?"

முன்வரிசையில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். இந்தக் கட்டுரை அதற்கான பதில். இனிமேல் கட்டப்பாவுக்கு 'ர்' போட்டே எழுதுகிறேன். எழுபது வயசுக் கிழவரையும் பத்து வயசுப் பொடியன் 'டேய்' போட்டுக் கூப்பிட்ட ஊரிலிருந்து வருகிறவன் நான். ஒரு அடிமைக்கு 'ர்' போடுவதில் எனக்குக் கஞ்சத்தனம் கிடையாது.

படம் பார்க்காத தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜமௌலி இயக்கியது. அவருடைய தகப்பனார் விஜயேந்திர பிரசாத் எழுதிய கதை. தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டது. உலகம் முழுக்க ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த முதல் இந்தியப் படம். கதை நடக்கும் நாட்டுக்கு மகிழ்மதி என்று பெயர். மாஹிஷ்மதி என்று நர்மதைக் கரையில் ஒரு பழைய நகரம் உண்டு, மகாபாரதத்திலும் அந்தப் பேர் வருகிறது. படத்தில் இருப்பது அந்தப் பேர் மட்டும்தான். மற்றதெல்லாம் ஐதராபாத்தில் போட்ட செட்டும் கம்ப்யூட்டரும்.

ரெண்டு தலைமுறைக் கதை, ரெண்டு காலம். அண்ணன் தம்பியாக ஒரே மடியில் வளர்ந்தவர்கள் அமரேந்திர பாகுபலியும் பல்லாளதேவனும். வளர்த்தவள் ராஜமாதா சிவகாமி. குந்தள நாட்டு இளவரசி தேவசேனையை இருவரும் விரும்புகிறார்கள். அவள் அமரேந்திரனைத் தேர்ந்தெடுக்கிறாள். அரியணை பல்லாளனுக்குப் போகிறது, அமரேந்திரன் நாட்டைவிட்டு அல்ல, அரண்மனையைவிட்டுத் துரத்தப்படுகிறான், சனங்களோடு சனமாக வாழ்கிறான், சூழ்ச்சியால் கொல்லப்படுகிறான். இது பழைய காலம். அவன் மகன் மகேந்திரன் அருவிக்குக் கீழே காட்டுச் சனங்களிடம் வளர்ந்து, இருபத்தைந்து வருஷம் சங்கிலியில் கிடந்த தாயை மீட்டு, பெரியப்பனை அவள் சுள்ளி பொறுக்கிச் சேர்த்த சிதையிலேயே எரிப்பது புதிய காலம்.

சடை பின்னுகிற மாதிரிப் பின்னியிருக்கிறார்கள். சிவகாமியின் அதிகாரம் ஒரு கால், தேவசேனையின் மானம் ஒரு கால், பல்லாளனின் பொறாமை ஒரு கால், அமரேந்திரனின் தர்மம் ஒரு கால், மகேந்திரனின் பழிவாங்கல் ஒரு கால். இந்தக் கால்கள் எல்லாம் எங்கே வந்து முடிச்சு விழுகின்றன? கட்டப்பாவிடம். குந்தள நாட்டுக்கு மாறுவேஷத்தில் கூடப் போகிறவர் அவர். சபையில் கூடவே நிற்கிறவர் அவர். கொல்கிறவர் அவர். கொன்றது தப்பு என்று சிவகாமிக்கு உண்மையைச் சொல்கிறவரும் அவர்தான்.

அதுமட்டுமில்லை. மொத்தப் பழைய கதையையும் மகேந்திரனுக்குச் சொல்வதே அவர்தான். முதல் படத்தில் சொல்லத் தொடங்கி இரண்டாவது படத்தின் பெரும்பகுதிவரை நாம் பார்ப்பதெல்லாம் அவர் வாயால் வந்த கதை. ராசாவின் காதல், ராணியின் கோபம், படுக்கையறைச் சதி எல்லாம் சொல்கிறார். தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்? முன்னோர் கொடுத்த வாக்கு, அரியணைக்கு நாங்கள் அடிமை. அவ்வளவுதான். அம்மா யார்? கட்டிக்கொண்டவள் யார்? எந்த ஊர்? எந்தத் தெரு? படத்தில் அதற்கு ஒரு ஷாட்கூட இல்லை.

கதையாடல் அதிகாரம் என்று நம் பத்திரிகைகளில் நிறைய எழுதியிருக்கிறோம். கதை சொல்கிறவன் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்போம். கட்டப்பா அதைப் பொய்யாக்குகிறார். கதை சொல்கிற வேலையையும் அடிமையிடம் கொடுத்துவிட்டு, அவன் வாயிலிருந்து எசமானின் கதை மட்டும் வருகிற மாதிரிப் பார்த்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது படத்தில் ஒரே கட்டளை மூன்று பேரைச் சோதிக்கிறது. சிவகாமியின் சொல்தான் அந்த நாட்டில் சாசனம். நகையும் பட்டும் அனுப்பிப் பல்லாளனுக்குப் பெண் கேட்கிறாள். தேவசேனை முடியாது என்கிறாள். அரியணையா தேவசேனையா என்று அமரேந்திரனிடம் கேட்கிறாள். அரியணை வேண்டாம் என்கிறான். மூன்றாவதாக, அமரேந்திரனைக் கொல் என்று கட்டப்பாவிடம் சொல்கிறாள். கட்டப்பா கெஞ்சுகிறார், அழுகிறார். நீ செய்யாவிட்டால் நானே செய்வேன் என்கிறாள். கட்டப்பா போய்க் கொல்கிறார்.

முடியாது என்று சொன்ன ரெண்டு பேரும் சத்திரியர்கள். அவர்கள் சொன்னது வீரம், மானம், காதல் என்று பாட்டாகிறது. முடியாது என்று சொல்ல முடியாதவர் செய்தது விசுவாசம் என்ற பேரைப் பெறுகிறது. ரெண்டு வருஷம் நாடே கேட்ட கேள்விக்குப் படம் தருகிற பதில் இதுதான்: அவர் அடிமை, அதனால் கொன்றார். அதற்கடுத்த கேள்விக்குப் படத்திடம் பதில் இல்லை, ஏனென்றால் அதை ஒரு கேள்வியாகவே அது நினைக்கவில்லை.

முன்னோர் கொடுத்த வாக்கு பேரனைக் கட்டும் என்கிற இந்த ஏற்பாடு கம்ப்யூட்டரில் செய்ததில்லை. தமிழ் படித்தவர்களுக்கு அது பழகிய கதை. பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணப் பந்தலில் இருக்கிறார். ஒரு கிழப் பிராமணர் ஓலையோடு வந்து, உன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த அடிமை ஓலை இது, நீயும் எனக்கு ஆள் என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையார் பாட்டனின் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள், ஓலை செல்லும் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பாட்டன் எழுதினால் பேரன் அடிமை என்பதில் அந்தச் சபைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்த கிழவர் சிவன், அதனால் சுந்தரர் தம்பிரான் தோழர் ஆனார். நம் பாட்டன்மார் பேரில் இருந்த ஓலைகளுக்கு மட்டும் எந்தச் சிவனும் வரவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பஞ்சத்தில் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சூலக்குறி பொறிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் தோழர் பட்டம் கிடைக்கவில்லை.

சண்டை போடுகிற அடிமை என்றால் விசுவாசமாகத்தான் இருப்பான் என்று யாராவது சொன்னால், அவர்களை இதே தக்காணத்தின் சரித்திரத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எத்தியோப்பியாவில் பிறந்து, விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறி இங்கே வந்தவர் மாலிக் அம்பர். அகமதுநகர் அரசையே நடத்தினார். மொகலாயப் படையைத் தண்ணி காட்டினார். 1626-இல் சாகும்வரை அவரை அவர்களால் அடக்க முடியவில்லை. அதற்கும் முன்னால், 1206-இல் ஆட்சியைத் தொடங்கிய குத்புதீன் ஐபக்கும் அடிமையாக விற்கப்பட்டவர்தான். அங்கே வாள் பிடித்த அடிமைக்கு மேலே ஏற ஒரு படியாவது இருந்தது. கட்டப்பா அந்த நாட்டிலேயே பெரிய வாள்வீரர். அவர் அடித்த வாளைப் பார்த்து அசந்துபோன வெளிநாட்டு வியாபாரி அஸ்லம் கான், விலை கொடுத்து உன்னை விடுவிக்கிறேன் என்று முதல் படத்தில் கேட்கிறான். கட்டப்பா மறுத்துவிடுகிறார். விலைக்கு வாங்கிய அடிமை என்றால் விலை கொடுத்து மீட்கலாம். இது பிறப்பால் வந்த அடிமைத்தனம். இதற்கு நம் ஊரில் வேறு பேர் இருக்கிறது. அடிமை முறையையும் தீண்டாமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது கொடியது என்று அம்பேத்கர் எழுதிப் பார்த்தது சும்மா இல்லை.

இப்போது அப்பாயியிடம் வருகிறேன்.

எங்கள் ஊர் கீழத்தஞ்சை. தாத்தா பண்ணையாள். நான் எட்டாவது படிக்கும்போது செத்துப்போனார். அதுவரை தினம் ராத்திரி எங்களுக்குக் கதை சொல்வார். எல்லாம் ஆண்டை வீட்டுக் கதை. ஆண்டை மகள் கல்யாணத்துக்கு எத்தனை வண்டி வாழைத்தார் வந்தது, குதிரை வண்டியின் சக்கரம் எந்த வாய்க்காலில் முறிந்தது, பெரிய ஆண்டையும் சின்ன ஆண்டையும் பாகம் பிரிக்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள். அத்தனையும் தெரியும் அவருக்கு. அந்த வீட்டுத் திண்ணையில் ஒருநாளும் உட்காராதவர், கொல்லைப்புறம் நின்று பார்த்ததையும் கேட்டதையும் வைத்து மொத்த வம்சத்தின் கதையையும் பின்னுவார். தன் கதை ஒன்றுகூடச் சொன்னதில்லை.

படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி அப்பாயி தூங்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் போனேன். "ஒந் தாத்தனும் அந்தக் கெழவன் மாரிதான்" என்றது. "அவருக்காச்சும் வாளு. ஒந் தாத்தன் கையில சவுக்கு."

அப்பாயி சொன்னது இது. அது வயசுக்கு வராத பிள்ளையாக இருந்த காலம். பக்கத்து ஊரில் செங்கொடி ஏற்றியிருந்தார்கள். அப்பாயியின் அண்ணன் அறுப்பு வேலையை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் களத்து மேட்டில் கட்டி வைத்தார்கள். ஆண்டை தன் கையால் அடிக்க மாட்டார், தீட்டு. சவுக்கை எடுத்து என் தாத்தாவிடம் கொடுத்தார். தாத்தாவுக்கு இருபது வயசு. கட்டிக் கிடந்தவர் அவருக்குச் சொந்த மாமன் மகன். தாத்தா காலில் விழுந்தாராம். நீ அடிக்காட்டி ஒன்னையும் கட்டுவேன், ஒங்கப்பனையும் கட்டுவேன் என்றாராம் ஆண்டை. தாத்தா அடித்தார். அடித்து முடித்ததும் சாணிப்பாலைக் கரைத்து வந்து வாயில் ஊற்றினார்கள்.

"அண்ணனை அடிச்ச கைக்கே என்னையக் கட்டிக் குடுத்தாங்க" என்றது அப்பாயி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "அடிச்சது அவரு கையி. சவுக்கு யாருதுன்னு எங்கப்பாவுக்குத் தெரியாதா? எங்கண்ணனே வந்து தாலி எடுத்துக் குடுத்துச்சு" என்றது.

இதைச் சரித்திரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு அடிமை முறை பற்றிச் சட்டம் போட்டது 1843-இல், ஐந்தாம் சட்டம். அது அடிமைகளை விடுவிக்கவில்லை. அடிமை மேல் எசமானுக்கு உள்ள உரிமையைக் கோர்ட்டு அங்கீகரிக்காது என்று மட்டும் சொன்னது. அடிமையை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று ஆனது இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862-இல். அடிமை என்ற பேர் போய்ப் படியாள், பண்ணையாள் என்ற பேர் நின்றது. ஓலைக்குப் பதில் கடன் சீட்டு வந்தது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் வேலை செய்தான். என் தாத்தா கையில் சவுக்கைக் கொடுத்த வருஷத்தை அப்பாயியால் சொல்ல முடியவில்லை. ஆனால் பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் கட்டத் தொடங்கிய நாட்கள் அவை, 1943-ஐ ஒட்டி. சட்டம் வந்து நூறு வருஷம். நூறு வருஷம் கழித்தும் சவுக்கு அதே உத்தரத்தில் தொங்கியது.

1944-இல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதை யாரும் தர்மம் பேசிக் கொடுக்கவில்லை. அடி வாங்கியவர்களும் அடிக்க வைக்கப்பட்டவர்களும் ஒன்றாய்ச் சேர்ந்து நின்றதால் வந்தது. என் தாத்தாவும் அவர் மச்சானும் ஒரே கொடியைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அப்பாயி சொல்லும்போது அதன் குரல் மாறியது. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்து நாற்பத்து நான்கு பேரை எரித்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. இத்தனை சட்டத்துக்கும் இத்தனை சாவுக்கும் பிறகு, 2017-இல் ஒரு பரம்பரை அடிமையை, கைதட்டி விசிலடித்துக் கொண்டாட இந்த நாட்டால் முடிந்தது.

அந்த வேஷத்தைக் கட்டியவர் சத்யராஜ். 2007-இல் வந்த "பெரியார்" படத்தில் பெரியாராக நடித்தவர். நடிகரைக் குறை சொல்லவில்லை, பிரமாதமாக நடித்திருக்கிறார். மகேந்திரன் யாரென்று தெரிந்த நொடியில் அவன் காலை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாரே முதல் படத்தில், அங்கே என் கண்ணும் கலங்கியது. அதுதான் எனக்குப் பயம். காலைத் தலையில் வைப்பதைப் பார்த்துக் கண்கலங்கும்படி நம்மையும் அல்லவா பழக்கியிருக்கிறார்கள். அமரேந்திரன் அவரை மாமா என்று கூப்பிடுகிறான். கேட்க இனிக்கிறது. ஆனால் மாமன் என்றால் பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டும். என் தாத்தாவுக்கும் அப்பாயியின் அண்ணனுக்கும் நடுவில் இருந்தது அந்த முறை. மகிழ்மதியில் மாமா என்ற சொல் மட்டும் இருக்கிறது, உறவு இல்லை.

முதல் படம் வந்தபோது நம் தோழர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் வசனத்தில் பகடை என்ற சொல் வசவாக வந்தது. பகடை என்பது அருந்ததியர்களின் பட்டப் பேர். ஒண்டிவீரன் பகடையின் பேர். 2022-இல் அஞ்சல்தலை வெளியிட்டு அரசாங்கமே நினைவுகூர்ந்த வீரனின் பேர். 2015-இல் எதிர்ப்புக் கிளம்பியது. மதுரையில் படம் ஓடிய தியேட்டர் மேல் பெட்ரோல் குண்டு வீச்சுவரை போனது. எழுதியவர் வருத்தம் தெரிவித்தார், அந்தச் சொல்லை எடுத்தார்கள். சொல்லை எடுத்தார்கள், சரி. கதைக்குள் இருந்ததை யார் எடுப்பது?

ஏனென்றால் இது பழைய கதை. 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த "மதுரை வீரன்" வந்தது. அதிலும் காட்டில் விடப்பட்ட ராசா வீட்டுப் பிள்ளையைச் செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். எங்கள் வீரன் எங்கள் வீட்டில் பிறந்தவனாக இருக்கக் கூடாதா என்று அருந்ததியர் தோழர்கள் ரொம்ப காலமாகக் கேட்டுவருகிறார்கள். பாகுபலியும் அதே அச்சுதான். அருவிக்குக் கீழே மகேந்திரனை வளர்த்த சங்காவை நினைத்துப் பாருங்கள். முதல் படத்தில் மகனுக்காகத் துடிக்கிறாள். இரண்டாவது படத்தில் அவள் இழையே காணாமல் போகிறது. வளர்க்க நம் கை வேண்டும், கொல்ல நம் கை வேண்டும், கதை சொல்ல நம் வாய் வேண்டும். ரத்தம் மட்டும் ராச ரத்தமாக இருக்க வேண்டும்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். பல்லாளன் எரிந்தான். தேவசேனை சபதம் நிறைவேறியது. மகேந்திரன் முடி சூடினான். ஒவ்வொரு கதையும் முடிகிறது. கட்டப்பா நின்ற இடத்திலேயே நிற்கிறார். புது ராசா நீதி, அமைதி எல்லாம் பேசுகிறான். இன்றிலிருந்து உங்கள் வம்சத்து வாக்கு ரத்து, போய் வாருங்கள் மாமா என்று ஒரு வார்த்தை இல்லை. தன் தகப்பனைக் கொல்ல வைத்தது பல்லாளனின் சூழ்ச்சி மட்டுமல்ல, எந்தக் கட்டளைக்கும் ஆமாம் சொல்லித் தீரவேண்டிய அடிமைமுறையும்தான் என்று அந்தப் பையனுக்குத் தெரியவே இல்லை. நாளைக்கு மகேந்திரனின் மகனைக் கொல்ல அரியணை சொன்னால், கட்டப்பாவின் வாரிசு ஒருவன் வாளோடுதான் வருவான்.

இந்தப் படத்துக்கு முன்கதையாக ஆனந்த் நீலகண்டன் 2017-இல் ஒரு நாவல் எழுதினார். அதில் கட்டப்பாவுக்கு ஒரு தம்பி இருக்கிறான், சிவப்பா. அவன் அடிமையாக இருக்க மாட்டேன் என்கிறவன். ஆக அப்படி ஒரு தம்பியை யோசிக்க முடியாமல் போகவில்லை. ஆயிரம் கோடிப் படத்தில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அப்பாயியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். தாத்தா ஏன் இதை எங்களிடம் சொல்லவே இல்லை?

"என்னான்னு சொல்லுவாரு? ஆண்டை ஊட்டுக் கதைய சொன்னா நீங்க வாயத் தொறந்துக்கிட்டுக் கேப்பீங்க. இதைச் சொன்னா ஒங்க மூஞ்சிய அவரு எப்படிப் பாப்பாரு? அதான் எங்கிட்ட சொல்லி வச்சுட்டுப் போயிருக்காரு. நீ கேட்ட, சொல்லிட்டேன்."

நான் கேட்டேன் என்று அப்பாயி சொன்னது தப்பு. முதலில் கேட்டது அதுதான், அந்தத் தியேட்டரில், சத்தமாக. அப்பாயி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. உங்கள் வீட்டிலும் ஆண்டை வீட்டுக் கதை மட்டும் சொல்கிற கிழவர் ஒருவர் இருப்பார். தோழர்களே, அவர் கதை முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். நீ யாரு ஊட்டுப் புள்ள, ஒங் கதை என்ன என்று கேளுங்கள்.